ரோமானியச் சிலையா, ரோமானிய பாணிச் சிலையா?

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளைப் பளிங்கில் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. ஓர் ஆண், தோளில் ரோமானியர் போலத் துணி போர்த்தியிருக்கிறார். கண்ணில் கருவிழி இல்லை. கிருதா தாடை வரை இறங்குகிறது. மூக்கு நுனி உடைந்திருக்கிறது. இது பழைய ரோமானியச் சிலைதானா? எலுமிச்சைச் சாறு போட்டுக் கழுவலாமா?

பதில்: முதலில் எலுமிச்சையைத் தள்ளி வையுங்கள். பளிங்கு சுண்ணாம்புக் கல் இனம். எந்த அமிலம் பட்டாலும் அதன் மேற்பரப்பு அரித்துப்போகும். வினிகரும் கூடாது. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வேலை. காட்டிக்கொடுப்பது கிருதாதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஐரோப்பியப் பெரிய மனிதர்கள் பலர் தங்களை ரோமானியர் போலச் செதுக்கச் சொன்னார்கள். உடையை மாற்றிக்கொண்டவர்கள் தலைமுடியைப் பெரும்பாலும் தங்கள் காலத்து மோஸ்தரிலேயே விட்டுவிட்டார்கள். போலி வரும்போதும் முதலில் நான் பார்ப்பது முடியைத்தான்.

கண்ணை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் ஆட்சி (117–138) வரை ரோமானியச் சிற்பிகள் பளிங்கில் கருவிழியைப் பொதுவாகச் செதுக்கவில்லை, வண்ணத்தால் தீட்டினார்கள். குடைந்து காட்டும் வழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது. தீட்டிய வண்ணம் அழிந்துபோன பழைய சிலைகளைப் பார்த்துப் பழகிய பிற்காலச் சிற்பிகள், வெறும் கண்தான் பழைய பாணி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகவே வெறும் கண் இரண்டு காலத்துக்கும் பொருந்தும். ஆனால் ஹாட்ரியனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்தைய பேரரசர் அகஸ்டஸ் காலத்துத் தலை என்று சொல்லி விற்கும் சிலையில் கண்மணி குடைந்திருந்தால் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

அப்புறம், மார்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். முதல் நூற்றாண்டின் தொடக்கத்து ரோமானியச் சிலை பெரும்பாலும் கழுத்தெலும்புப் பகுதியோடு நின்றுவிடும். இரண்டாம் நூற்றாண்டில் அது தோள், மேற்கை வரை வளர்ந்தது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரப் பாணி வேறு: மேற்கையோடு சேர்த்து நேர்க்கோடாக அறுத்தது போல இருக்கும், உருண்டைப் பீடம் கிடையாது. மீனோ டா ஃபியசோலே 1453-இல் செய்த பியரோ டி மெடிசி சிலை அப்படித்தான். முகம் ஒரு காலத்தையும் வெட்டு இன்னொரு காலத்தையும் சொன்னால், பிற்காலத்துக் கை என்று கொள்ளலாம்.

உடைந்த மூக்கை நம்பாதீர்கள். அதை யாரும் ஒரே தட்டில் செய்துவிடலாம்.

நிபுணர்களே ஏமாந்ததும் உண்டு. ஜியோவன்னி பாஸ்டியானினி என்ற இத்தாலியச் சிற்பி, புகையிலைத் தொழிலாளி ஒருவரை மாதிரியாக வைத்துக் கவிஞர் பெனிவியேனியின் சுடுமண் சிலையைச் செய்தார். மறுமலர்ச்சிக் காலத்தது என்று நம்பி 1866-இல் லூவ்ர் அருங்காட்சியகம் அதை வாங்கியது. உண்மை வெளிவந்தபோது, உயிரோடிருக்கும் ஒருவரால் இப்படிச் செய்ய முடியாது என்று வாதாடியவர்களும் இருந்தார்கள்!

உங்கள் சிலையின் பின்பக்கத்தையும் பீடத்தின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிற்பியின் பெயரும் ஆண்டும் பொதுவாக அங்கேதான் வெட்டப்பட்டிருக்கும். பெயர் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் நான்கு பக்கமும் படமெடுத்து, 19ஆம் நூற்றாண்டுச் சிற்பம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தொல்பொருள் ஆய்வாளரிடம் போக வேண்டியதில்லை. நகர்த்தும்போது தலையைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பீடம் தனிக்கல்லாக இருந்தால் கழன்று விழும்.