இடித்த வீட்டுச் செங்கல்

அன்புள்ள ஐயா,

ஜன்னல் கண்ணாடி கிழித்து அப்பாவுக்கு மணிக்கட்டில் மீடியன் நரம்பு அறுந்துவிட்டது. தைத்து நான்கு மாதம் ஆகியும் விரல் நுனிகள் மரத்தே கிடக்கின்றன. நரம்பின் உறை கொழுப்பால் ஆனது என்று படித்தேன். கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாடின் மாத்திரையை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய், லெசித்தின் என்கிற கொழுப்புச் சத்து கொடுக்கட்டுமா?

சுமதி

அன்புள்ள சுமதி,

டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். அரைகுறையாகப் படித்துவிட்டுப் பெற்றவர் உடம்பிலா சோதனை போடுவது? மீன் எண்ணெய், லெசித்தின் பேச்சை விட்டுவிடுவோம்.

உறை கொழுப்புதான். மயலின் என்பது அந்த உறையின் பெயர். அதன் உலர் எடையில் 70 முதல் 80 சதவீதம் கொழுப்பு. ஆனால் அது சாப்பாட்டுத் தட்டிலிருந்து போய் ஒட்டிக்கொள்வதில்லை. வெட்டுக்கு அப்பால் உள்ள இழை முழுக்க அழியும் என்று 1850இல் வாலர் என்ற ஆய்வாளர் தவளையின் நாக்கு நரம்பை அறுத்துக் காட்டினார். இழை அழியும்போது, உறையைச் சுற்றுகிற ஷ்வான் செல்கள் தாங்கள் சுற்றிய மயலினையே தின்னத் தொடங்கும். மிச்சத்தை மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் தின்று கொழுப்புத் துளிகளால் உப்பிப்போகும். இதைக் 'குப்பை அகற்றல்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் சண்டை. வீட்டை இடிக்கும்போது செங்கல்லைத் தட்டி அடுக்கி வைக்கிறோமே, அது குப்பையா?

கணக்குப் போடுங்கள். அறுந்த இழையின் முனையிலிருந்து புதிதாக முளைப்பதுதான் தளிர். 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள தளிர் ஒரு நாளில் 1 மி.மீ. நீள, சுமார் 3,140 சதுர மைக்ரான் புதுச் சவ்வு வேண்டும். அந்த இழை புறப்படும் நரம்புச் செல்லின் உடல்தான் செல்லுடல். 50 மைக்ரான் விட்டமுள்ள செல்லுடலின் மொத்தப் பரப்பே 7,850தான். இரண்டரை நாளைக்கு ஒருமுறை தன் உடல் முழுவதற்கும் தோல் நெய்கிற வேலை! சவ்வுக்கு வேண்டிய பாஸ்ஃபாடிடில்கோலின் என்ற கொழுப்பை ஆக்ஸான், அதாவது நரம்பு இழை, இருந்த இடத்திலேயே செய்துகொள்ளும். கொலஸ்ட்ராலைச் செய்யத் தெரியாது. அது செல்லுடலில்தான் உருவாகும். உங்கள் அப்பாவின் விரல் உணர்வுக்கான செல்லுடல்களோ வெகு தொலைவில், கழுத்தருகே இருக்கின்றன. அதனால்தான் காயம்பட்ட நரம்பில் அப்போலிப்போபுரோட்டீன் ஈ என்ற கொழுப்பு சுமக்கும் புரதம் பல மடங்கு பெருகி, செத்த மயலினின் கொலஸ்ட்ராலைப் பொட்டலம் கட்டுகிறது. தளிர் நுனி அதை எல்.டி.எல். ஏற்பிகள் என்ற, கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கும் வாசல்கள் வழியே வாங்கிக்கொள்கிறது. பின்னால் புது உறை சுற்றும் ஷ்வான் செல்லும் அதே பழைய சரக்கைத்தான் எடுக்கிறது. கையிருப்பு இருக்கும்வரை சொந்தத் தயாரிப்பைக்கூடக் குறைத்துக்கொள்ளும்.

இடிபாடு வழியிலேயே கிடந்தாலும் ஆகாது. மயலினில் உள்ள எம்.ஏ.ஜி. என்ற புரதம் தளிர் வளர்வதைத் தடுக்கும். வயதானவர்களுக்கு இந்த அப்புறப்படுத்தலே மெதுவாகத்தான் நடக்கும்.

மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிக்கு 17, 18 செ.மீ. நாளுக்கு 1 மி.மீ. என்றாலே ஆறு மாதம். தையலைத் தாண்டும் வாரங்கள் தனி. நான்காம் மாதத்தில் ஏன் அம்மா இந்தப் பதற்றம்? விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். சுரீர் என்று விரலுக்குள் ஓடுகிற இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, தையலிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புள்ளி மாதம் 2, 3 செ.மீ. முன்னேறினால் தளிர் நடக்கிறது. தையல் மேலேயே நின்றுவிட்டால் அறுவை செய்தவரிடம் உடனே போங்கள்.

அதுவரை காபி டம்ளரை அந்தக் கையில் கொடுக்காதீர்கள். சுட்டாலும் அவருக்குத் தெரியாது.