குழுவில் உங்கள் குடிக்கதையைச் சொல்லும்போது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: குடி மீட்புக் குழுவில் அடுத்த வாரம் என் கதையைச் சொல்ல வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பிறந்த கதையெல்லாம் வேண்டாம். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். பலரும் முதல் பகுதியிலேயே நேரத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்ற கணக்கால் யாருக்கும் பயனில்லை. ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டு, குடிக்கக் கிளம்புவதற்கு முந்தைய அரைமணி நேரத்தை மட்டும் சொல்லுங்கள்: வீட்டில் என்ன பொய் சொன்னீர்கள், போனை ஏன் அணைத்து வைத்தீர்கள், திரும்பி வரும்போது வாடை தெரியாமலிருக்க எதை வாயில் போட்டு மென்றீர்கள். அதைக் கேட்டதும் எதிரே தலைகுனிந்து இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், ஏனென்றால் அதையேதான் அவரும் செய்திருப்பார். நான் மட்டும்தான் இப்படி என்ற நினைப்பு அங்கேதான் உடைகிறது. குழு சிகிச்சை பற்றி எழுதிய மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குணமாக்கும் காரணிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார். அப்புறம், அந்த அரைமணியில் எங்கே திரும்பியிருக்கலாம் என்பது சொல்லச் சொல்ல உங்களுக்கே தெரியும்.

கேள்வி: ஒருவர் பழைய குடிநாட்களை ரசித்துச் சொல்கிறார். கேட்டால் எனக்கு ஆசை வருகிறது.

வரத்தான் செய்யும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நினைவு போதையை வைத்துக்கொண்டு வாந்தியை மறந்துவிடும். "சரி, மறுநாள் காலை என்ன ஆயிற்று?" என்று குழுவை நடத்துபவர் அங்கேயே கேட்க வேண்டும். கேட்கவில்லையா, கூட்டம் முடிந்ததும் நடத்துபவரிடம் சொல்லுங்கள். அந்த ஆசையோடு தனியாக வீட்டுக்குப் போக வேண்டாம்.

கேள்வி: சிறுவயதில் எனக்கு நடந்த கொடுமையையும் சொல்லியாக வேண்டுமா?

வேண்டாம். முதலில் ஆலோசகரிடம் தனியாகப் பேசுங்கள். குழுவில் "சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது" என்பதே போதும். அதற்கு மேல் துருவ யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: என் கணவர் தினமும் நிறையக் குடிப்பவர். நாளையே அடியோடு நிறுத்திவிட்டுக் குழுவில் சேர்கிறேன் என்கிறார். மருத்துவர் தேவையா?

கட்டாயம் தேவை, அதுவும் நிறுத்துவதற்கு முன்பே. அவ்வளவு குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரியும் மனக்குழப்பம் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் மருந்தோடு உடல் தேறட்டும், பிறகு குழு. அங்கே என்ன சொன்னார் என்று மட்டும் வீட்டில் கேட்காதீர்கள். உங்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும். அதற்கென்று குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக அல்-அனான் என்ற தனிக் கூட்டங்கள் இருக்கின்றன.