புயல் நேரத்தில் ஹாம் வானொலி: பொறியாளர்களின் கேள்விகள்

கேள்வி: செல்போன் காலத்தில் ஹாம் வானொலி, அதாவது உரிமம் பெற்ற தனியாட்கள் ஆர்வத்துக்காக நடத்தும் இருவழி வானொலி, தேவையா சார்?

பதில்: கரண்ட் போனபின் டவர் நிற்பது அதன் பேட்டரி, டீசல் தீரும்வரைதான். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத் குழுவின் ஹாம் நிலையம்தான் பலருக்கு வெளியுலகத் தொடர்பு.

கேள்வி: அண்ணா, நான் மென்பொருள்காரன். உரிமத்துக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக் குறியீடு) கட்டாயமா?

பதில்: உரிமத்தில் இரண்டு நிலை: ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வேண்டாம் தம்பி, ஜெனரல் கிரேடுக்கு மட்டும்தான். எலக்ட்ரானிக்ஸ் தெரியும் என்று உரிமத் தேர்வின் விதிமுறைப் பகுதியை விட்டுவிடாதீர்கள். உரிமம் கைக்கு வரும்வரை கேட்கலாம், பேசக்கூடாது.

கேள்வி: கடலூரில் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த, இரு கை நீட்டிய கம்பி ஆன்டெனா) கட்டப்போகிறேன். உயரம் கூடினால் நல்லதுதானே?

பதில்: வெளிநாட்டோடு பேச ஆம். உங்களுக்குச் சென்னையும் நாகையும் கேட்க வேண்டும். அதற்கு 4 முதல் 6 மீட்டர் போதும். அலை ஏறக்குறைய நேர்மேலே போய், வானில் மிக உயரத்தில் உள்ள மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுப் பக்கத்து மாவட்டங்களில் இறங்கும். தாழ்வான கம்பம் காற்றுக்கும் தாங்கும். கம்பியின் நீளத்துக்கு, 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணான 7.1-ஆல் வகுத்தால் மொத்தம் 20.1 மீட்டர். ஒவ்வொரு கையையும் 10.3 மீட்டராக வெட்டி, கட்டியபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இரவில் 7 மெகாஹெர்ட்ஸில் பக்கத்து ஊர் மறைந்துபோகும்; 3.5-க்கு இன்னொரு கம்பி தயாராக இருக்கட்டும். மின்கம்பி மேல் அறுந்து விழ வாய்ப்புள்ள இடத்தில் எதையும் கட்டாதீர்கள்.

ஆன்டெனாவையும் கருவியையும் சேர்க்கும் கோஆக்ஸ் கேபிளின் இணைப்பில் மழைநீர் புகுவதுதான் பெரிய தொல்லை. ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே பிவிசி டேப் போடுங்கள். நனைந்த கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்புகிறது என்று காட்டும் எண்) நன்றாகவே காட்டும், திரும்பி வரும் அலையையும் கேபிளே தின்றுவிடுவதால். அந்த எண்ணை நம்பாதீர்கள்.

கேள்வி: 24 மணி நேரத்துக்கு எவ்வளவு பேட்டரி?

பதில்: 20 வாட்டில் பேசும்போது சுமார் 8 ஆம்பியர், கேட்கும்போது 1 என்று வையுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் பேசினால் 2.2 ஆம்பியர்-அவர், ஒரு நாளுக்கு 53. லெட்-ஆசிட்டைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்பதால் 12 வோல்ட், 120 ஆம்பியர்-அவர்.

கேள்வி: செய்தி எங்கே தவறாகப் போகிறது?

பதில்: எண்களில். இரைச்சலில் இருபது, அறுபது, எழுபது மூன்றும் ஒன்றாகவே கேட்கும். ‘ஏழு, பூஜ்ஜியம்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். அனுப்புபவர், பெறுபவர், நேரம் மூன்றையும் எழுதிக்கொண்ட பிறகே பேசும் பொத்தானை அழுத்துங்கள். எதிர்முனையில் இருப்பவர் முழுவதையும் திருப்பிப் படித்துக் காட்டும்வரை அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்றே கொள்ளுங்கள்.