போர் வண்டியும் போர்க்கப்பலும்

அண்ணா வணக்கமுங்க,

போன வாரம் விக்ராந்த்ங்கற நம்ம விமானந்தாங்கிக் கப்பல் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தீங்க. அதுல இருந்து ஒரு சந்தேகம். ஏறக்குறைய 20,000 கோடி ரூபா செலவு, 262 மீட்டர் நீளம், அது பத்தாதுன்னு இன்னொண்ணு வேணும்னு வேற கேக்கறாங்க. வெளிநாட்டுல போயி படைய எறக்கோணும்னா இந்த மாதிரி கப்பல் இல்லாம முடியவே முடியாதுன்னு என்கூட வேலை செய்யற பையன் அடிச்சு பேசறான், அமெரிக்காவ பாருங்கறான். 1988ல மாலத்தீவுக்கு நாம ஏரோப்ளேன்ல தானடா போனோம்னு கேட்டேன். அப்ப ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு ஏரோப்ளேன்லயா போனான்னு திருப்பி கேட்டுட்டான், டீக்கடையே சிரிச்சுருச்சுங்க. கடல பாக்கவே அரை நாள் பஸ்ல போகோணும், நமக்கு எதுக்கு இந்த வாதம்னு கேட்டுடாம பதில் சொல்லுங்க. இன்னொண்ணு, கோயமுத்தூர் ரெட்பீல்ட்ஸ் பக்கம் கடற்படை போர்டு ஒண்ணு பாத்தேன். கடலே இல்லாத ஊர்ல அது எதுக்குங்க?

(பேர் போட வேண்டாம்னுட்டாரு) பெருந்துறை

தம்பி,

டீக்கடை தீர்ப்பு அப்பறம். மொதல்ல மாலத்தீவு, ஏன்னா நீங்க சொன்னது பாதி தான் சரி.

1988 நவம்பர் 3ந் தேதி. பிளாட்ங்கற இலங்கைத் தமிழ் இயக்கத்து ஆளுக ஒரு எம்பது பேரு, நம்ம பாஷை பேசற பசங்க தான், தலைநகரம் மாலேல போயி எறங்கி அதிபர் கயூம கவுக்க பாத்தாங்க. கயூம் போன் மேல போன் போட்டாரு. அன்னைக்கு ராத்திரியே ஆக்ராவுல இருந்து பாராசூட் படை ஐ.எல்.-76ங்கற சரக்கு விமானத்துல ஏறி, 2,000 கிலோமீட்டருக்கு மேல எங்கயும் நிக்காம பறந்து ஹுல்ஹுலே ஓடுதளத்துல எறங்குச்சு. ஓடுதளம் ஒரு தீவு, தலைநகரம் பக்கத்து தீவு, நடுவுல தண்ணி, அங்க கெடந்த படகுகள புடிச்சு தான் அக்கட்ட போனாங்க. இது வரைக்கும் உங்க பக்கம். ஆனா இதுல ரெண்டு சங்கதி இருக்குதுங்க. வந்தவனுக ஊரெல்லாம் புடிச்சுட்டு அந்த ஓடுதளத்த மட்டும் புடிக்காம உட்டுட்டானுக. அத புடிச்சிருந்தானுகன்னா நம்ம ஏரோப்ளேன் எங்க எறங்கியிருக்கும்? அடுத்தது, தப்பிச்சு ஓடுனவனுக 'ப்ராக்ரஸ் லைட்'ங்கற சரக்குக் கப்பல்ல பிணைக்கைதிகள ஏத்திக்கிட்டு கெளம்பிட்டானுக. கடல்ல போறவன ஏரோப்ளேன்ல போயி சட்டைய புடிக்க முடியாதுங்களே, நம்ம போர்க்கப்பல் கோதாவரியும் பேத்வாவும் தொரத்திட்டு போயி தான் மடக்குச்சு. ஆக ஆரம்பிச்சது விமானப்படை, முடிச்சது கப்பல். உங்க கூட்டாளிக்கும் இதுல பாதி மார்க் உண்டு.

எனக்கு இந்த சமாசாரம் புரிஞ்சது கடல்ல இல்ல, அனந்தப்பூர் பக்கம் ஒரு கடலைக்காட்டுல. எங்க மாமா திருச்செங்கோட்டுல போர் வண்டி வெச்சிருந்தாரு, ஆழ்குழாய் போடற வண்டி. காலேஜ் லீவுல நானும் சும்மா ஒரு ட்ரிப் கூட போனேன். ரிக் வண்டி முன்னாடி போயி காட்டுல நிக்குது, பாக்க யானையாட்டம், ஊரே சுத்தி நின்னு வேடிக்கை பாக்குது. பொறகால வரவேண்டிய லாரி, அதான் ராடும் டீசலும் ஏத்துனது, வழியில ஆக்சில் ஒடஞ்சு நின்னுருச்சு. ராடு ஒண்ணு இருபதடி, முந்நூறடி போகோணும்னா பதினஞ்சு வேணும். ராடு இல்லாம ரிக்க வெச்சு என்ன பண்றது? ரெண்டு நாள் அந்த யானை சும்மா நின்னுச்சு, நாங்க அதோட நெழல்ல படுத்து கடலைக்காய் தின்னோம். காட்டுக்காரர் மொத நாள் மோர் குடுத்தாரு, ரெண்டாவது நாள் மூஞ்சிய திருப்பிக்கிட்டாரு. மாமா அப்ப ரிக்க திட்டல, லாரி டிரைவரையும் திட்டல, தன்னத்தான் திட்டிக்கிட்டாரு, "அந்த லாரிக்கு டயர் மாத்தறதுக்கு கூட காசு கணக்கு பாத்தேன் பாரு"ன்னு.

விமானந்தாங்கிக் கப்பல் தான் அந்த ரிக். போட்டோவுல வர்றது அது. படைய நெசமா கொண்டு போறதும் சோறு போடறதும் பொறகால வர்ற மூட்டைக்கப்பல். 1990-91 வளைகுடா சண்டைல அமெரிக்காவோட சரக்குல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல கடல் வழியா, சரக்குக் கப்பல்ல தான் போச்சு.

கூட்டாளிகிட்ட ஒரு பேர் சொல்லுங்க, கியூபா. சின்ன தீவு, கரும்பு வெளையற நாடு, விமானந்தாங்கியும் கெடையாது ஒண்ணும் கெடையாது. 1975 நவம்பர்ல ஆப்பிரிக்காவுல இருக்கற அங்கோலாவுக்கு படை அனுப்புனாங்க, அட்லாண்டிக்க தாண்டி ஏறக்குறைய பத்தாயிரம் கிலோமீட்டர். மொத ஆளுக போனது பழைய பிரிட்டானியா பயணி விமானத்துல, அதுவும் வழியில அங்கங்க எறங்கி எண்ணெய் ஊத்திக்கிட்டு. அப்பறம் வியாபாரக் கப்பல்ல ஆளுகள அடைச்சு அனுப்புனாங்க. கனமான ஆயுதம் பெரும்பாலும் சோவியத்துல இருந்து வந்துச்சு, அது நெசம் தான். ஆனா 1976 ஆரம்பத்துலயே முப்பதாயிரத்துக்கு மேல ஆளுக அங்க எறங்கியாச்சு, பதினஞ்சு வருசம் இருந்தாங்க. எப்படி முடிஞ்சுது? நடுக்கடல்ல யாரும் மறிக்கல, அவ்வளவு தான். மறிக்கக்கூடிய ஒரே ஆளு அமெரிக்கா, அவங்க வியட்நாம்ல பட்ட சூடு ஆறல, அவங்க நாடாளுமன்றம் அங்கோலாவுக்கு காசு இல்லைன்னு கைய விரிச்சுருச்சு.

எனக்கு கேள்வியே இது தானுங்க, வழியில மறிக்க ஆள் இருக்கானா இல்லியா. இல்லைன்னா வாடகைக் கப்பல் போதும். இருந்தான்னா அப்ப தான் அந்த வெலை ஒசந்த கப்பலுக்கு வேலை.

மறிச்ச கதைக்கு 1982 போக்லாந்து. பிரிட்டன் கையில இருந்த தீவு, அர்ஜென்டினா புடிச்சுது, திருப்பி புடிக்க பிரிட்டன் கெளம்புச்சு. பிரிட்டன்ல இருந்து 13,000 கிலோமீட்டர், பக்கத்துல எறங்க சொந்த ஓடுதளம் இல்ல, இருக்கற அசென்சன் தீவே 6,000 கிலோமீட்டருக்கு மேல தள்ளி கெடக்கு. ஏரோப்ளேன்ல முடியுமான்னு பாத்தாங்க. ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் அங்க போயிட்டு வர 11 டேங்கர் விமானம் வானத்துலயே எண்ணெய் ஊத்தோணும், ஒண்ணுக்கொண்ணு ஊத்தி ஊத்தி. போட்டது 21 குண்டு, ஓடுதளத்துல விழுந்தது ஒண்ணு. (இத படிக்கறப்ப எல்லாம் எங்க ஊர்ல டிராக்டர் தண்ணி வாங்கி தென்னைய காப்பாத்துன வருசம் ஞாபகம் வரும்.) ஆக ஹெர்மிஸ், இன்வின்சிபிள்ங்கற ரெண்டு விமானந்தாங்கியும் இல்லாம அங்க ஒண்ணும் நடந்திருக்காது, அத ஒத்துக்கோணும். அந்த ஹெர்மிஸ் தான் 1987ல நம்ம விராட் ஆச்சு. ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி அர்ஜென்டினாவோட போர்க்கப்பல் பெல்கிரானோவ முழுக அடிச்சுது, 323 பேரு போயிட்டாங்க, அதோட அர்ஜென்டினா கப்பல்படை, அவங்க விமானந்தாங்கி உள்பட, கரைய உட்டு வெளிய வரல. வெலை ஒசந்த கப்பல் ஒண்ணு தோத்தா என்னாகும்னு பயம். அந்த பயமும் ஒரு ஆயுதம் தான்.

ஆனா பிரிட்டிஷ்காரங்கள நோகடிச்சது எதுன்னு பாருங்க. அட்லாண்டிக் கன்வேயர்னு ஒரு கன்டெய்னர் கப்பல், வியாபாரத்துல இருந்தத அரசாங்கம் எடுத்து ஓட்டுனது. மே 25ந் தேதி எக்சோசெட் ஏவுகணை அடிச்சு எரிஞ்சு போச்சு. அதுல இருந்த சினூக் ஹெலிகாப்டர்ல, அந்நேரம் வானத்துல பறந்துட்டு இருந்த ஒண்ணு தான் தப்புச்சு. கூடாரம் எல்லாம் சாம்பல். பறந்து போகோணும்னு இருந்த சிப்பாய்க முதுகுல மூட்டைய கட்டிக்கிட்டு சேத்துலயும் குளுர்லயும் எம்பது தொண்ணூறு கிலோமீட்டர் நடந்தே போனாங்க. ராடு லாரிக்கு ஆக்சில் ஒடஞ்ச கதையே தான்.

நம்ம கதைக்கு வர்றேன். 1987 ஜூன் 3ந் தேதி ராமேஸ்வரத்துல இருந்து யாழ்ப்பாணத்துக்கு நிவாரணம் ஏத்திக்கிட்டு படகுக போச்சு. இலங்கை கடற்படை மறிச்சு திருப்பி அனுப்பிருச்சு. அடுத்த நாளே ஏ.என்.-32 சரக்கு விமானத்துல ஏத்தி, மிராஜ் போர்விமானம் காவலுக்கு கூட போக, மேல இருந்து போட்டாங்க, பூமாலைன்னு பேரு வெச்சு. மறிக்கறது எங்க நடக்குதோ அதுக்கு தக்கன வழி மாறுது பாருங்க. ஜூலை 29ல இந்திய-இலங்கை ஒப்பந்தம், அடுத்த நாளே நம்ம படை யாழ்ப்பாணத்து பலாலி விமானத்தளத்துல எறங்குது. எங்க பெரியப்பன் மகன் அப்ப ராணுவத்துல லாரி டிரைவர். அண்ணன் போனது விமானத்துல, திரும்பி வந்தது திருகோணமலைல இருந்து கப்பல்ல, 1990 மார்ச்ல. போறப்ப கோழிக்குஞ்சாட்டம் போனோம், வர்றப்ப ஒரு ஊரையே பேத்து எடுத்துட்டு வந்த மாதிரி இருந்துச்சும்பாரு. அடுப்பு, கட்டில், லாரி, ஒடஞ்ச லாரி, ஒடஞ்ச லாரியோட ஸ்பேர். ரெண்டே முக்கா வருசத்துல தான் சுட்டத விட மூட்டை எறக்குனது தான் அதிகம்னு நோம்பிக்கு வந்தா இன்னைக்கும் சொல்லுவாரு. அதுக்கு மேல கேட்டா தோட்டத்துக்கு தண்ணி மாத்தோணும்னு எந்திரிச்சு போயிடுவாரு.

அங்க ஏறக்குறைய 1,200 பேர எழந்தோம். கடல் தான் காரணமா? இல்லீங்க. அக்கரை கூப்புடு தூரம், கடல்ல நம்மள மறிக்க அப்ப யாரும் இல்ல. எத்தன விக்ராந்த் இருந்திருந்தாலும் அந்த யாழ்ப்பாணத்து சந்துக்குள்ள அது வந்திருக்காது. போக முடியுமாங்கறதுக்கு தான் கப்பல்படைகிட்ட பதில் இருக்கு, போயி என்ன பண்றதுங்கறதுக்கு இல்ல. கையில வண்டி இருந்தா நாலு எடத்துக்கு போகலாம்னு தோணுமில்ல, அந்த ஆபத்தும் இதுல இருக்குதுங்க, பெரிய நாடுகளுக்கு அது ரொம்பவே தோணியிருக்கு.

இப்ப நம்ம பொழப்புல கைய வெச்ச கதை. 2023 நவம்பர்ல இருந்து ஏமன்ல ஹூத்திக செங்கடல்ல போற கப்பல அடிக்க ஆரம்பிச்சாங்க. திருப்பூர்ல பனியன் ஏத்துமதி பண்ற கூட்டாளி ஒருத்தரோட கொழந்தை துணி ரெண்டு கன்டெய்னர் அந்நேரம் ஐரோப்பாவுக்கு கெளம்பி நிக்குது. கப்பல்காரன் சூயஸ் பக்கம் போக மாட்டேன், ஆப்பிரிக்காவ சுத்தி தான் போவேன்னுட்டான், பத்துப் பதினாலு நாள் கூடுதல், வாடகையும் தாறுமாறு. வாங்கறவன் லேட்டான சரக்க ப்ளேன்ல அனுப்புங்கறான், ப்ளேன்ல அனுப்புனா ஜட்டிக்கு வர்ற லாபம் ஜட்டியோடயே போயிரும். அமெரிக்கா அங்க விமானந்தாங்கிய கொண்டு வந்து நிறுத்துச்சு. சில ஆயிரம் டாலர் ட்ரோன அடிக்க இருபது லட்சம் டாலர் ஏவுகணை. ட்ரூமன் கப்பலோட எப்/ஏ-18 விமானம் மூணு போச்சு. ஒண்ண அவங்க கூட வந்த கப்பலே தெரியாம சுட்டுருச்சு, ஒண்ணு தளத்துல கட்டி இழுக்கறப்ப நழுவி கடல்ல விழுந்துச்சு, இன்னொண்ணு எறங்கறப்ப. மூணுல ஒண்ண கூட ஹூத்தி சுடல. கடைசில 2025 மே மாசம் ஓமன் நடுவுல இருந்து பேசி தான் அமெரிக்காவுக்கும் அவங்களுக்கும் அடி நின்னுச்சு. என் கூட்டாளிக்கு அந்த பஞ்சாயத்து ஒண்ணரை வருசம் முன்னாடி நடந்திருந்தா தேவலையா இருந்திருக்கும்.

ரஷ்யா கதைய ஒரு வரில முடிச்சுக்கறேன். சிரியாவுக்கு 2016ல குஸ்நெட்சோவ்னு தங்களோட ஒரே விமானந்தாங்கிய அனுப்புனாங்க, ரெண்டு விமானம் கடல்ல விழுந்து மீதி விமானம் கரைல இருக்கற தளத்துக்கு போயிருச்சு, அங்க அந்த சண்டைய வருசக்கணக்கா ஓட்டுனது துருக்கில இருந்து வாங்குன பழைய சரக்குக் கப்பலும் அது மாதிரி துருப்புடிச்ச மத்த கப்பலும் தான்.

சோழன்? மெய்க்கீர்த்தில "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி"ன்னு இருக்கு, 1025 வாக்குல நடந்தது. பலகலம், சரி. அதுல எத்தன ராஜாவோட சொந்தக் கலம், எத்தன ஐநூற்றுவர் மாதிரி வணிகர் கூட்டத்தோட கலம்ங்கறதுல ஆராய்ச்சிக்காரங்க இன்னும் சண்டை போட்டுட்டு தான் இருக்காங்க. அதனால டீக்கடைல சோழன இழுத்தா ரெண்டு பேருக்கும் சமம்னு வெச்சுக்கங்க, டீக்காசு பாதிப்பாதி.

இன்னொரு விமானந்தாங்கி வேணுமான்னு கேட்டா, வெளிநாட்டுல போயி படை எறக்கறதுக்காகன்னா வேண்டாம்னு தான் சொல்லுவேன், நம்மள சுத்தி நாம போகக்கூடிய எடமெல்லாம் விமானம் போற தூரம் தான். அந்த காசுல சரக்குக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் டேங்கர் விமானமும் வாங்குங்கன்னு சொல்லுவேன், ஆனா அதெல்லாம் குடியரசு தினத்துல காட்ட அழகா இருக்காது. சொந்தக் கடல காக்கறதுக்குன்னு கேட்டா அது வேற கணக்கு. 2024 மார்ச்ல ரூயன்ங்கற கப்பல சோமாலிய கொள்ளைக்காரங்ககிட்ட இருந்து மீட்டாங்களே, ஐ.என்.எஸ். கொல்கத்தா போயி நிக்க, சி-17ல பறந்து போன கமாண்டோக கடல்ல குதிச்சு, 17 மாலுமிகள காப்பாத்தி 35 பேர புடிச்சாங்க. அந்த வேலைய விமானந்தாங்கி இல்லாமயே பண்ணுனாங்க.

ரெட்பீல்ட்ஸ் போர்டு ஐ.என்.எஸ். அக்ரானி. கடற்படைக்காரங்களுக்கு தலைமைப் பயிற்சி குடுக்கற எடம், கப்பல் இல்ல, ஆனாலும் கப்பல் மாதிரியே ஐ.என்.எஸ். போட்டு தான் கூப்புடுவாங்க. இது ஒண்ணும் புதுசில்லீங்க. இப்ப கோவாவுல இருக்கற கடற்படை விமானத்தளம் ஹன்சா 1961ல மொதல்ல தொடங்குனது நம்ம சூலூர்ல தான், பழைய விக்ராந்தோட சீ ஹாக் விமானமெல்லாம் அந்த காலத்துல இங்க தான் வந்து எறங்குச்சு. சூலூர், கண்ணம்பாளையம், கலங்கல் பக்கம் பெரியவங்க யாராச்சும் அத பாத்த கதை ஊட்டுல சொல்லியிருந்தா எழுதி அனுப்புங்க, இங்கயே போடறேன்.