உள்ளே காவலி, மேற்பரப்பில் கடத்தி: கேட்டவர்களுக்குப் பதில்

உள்ளே மின்னைக் கடத்தாமல் மேற்பரப்பில் மட்டும் கடத்தும் பொருட்களான இடவியல் காவலிகளை ஒளியால் ஆராய்வது பற்றி வன்னியிலிருந்து வந்த சில கேள்விகள்.

கிளிநொச்சி, உயர்தர மாணவி: அண்ணை, இடவியல் காவலியான பிஸ்மத் செலினைட்டில் மேற்பரப்பு மட்டும் கடத்துமாம். அதை உரித்துவிட்டால்?

அடியில் வெளிப்படுகிற புதுப் பரப்பு கடத்தும், தங்கச்சி. அது மேலே பூசின பூச்சு இல்லை. உள்ளே உள்ள இலத்திரன் பட்டைகளின், அதாவது இலத்திரன்கள் இருக்கக்கூடிய சக்தி வீச்சுகளின், அமைப்பால் எல்லை எங்கே வந்தாலும் அங்கே அந்த நிலை தோன்றியே தீரும். ஆய்வுகூடங்களில் உரிக்கத்தான் செய்கிறார்கள். பளிங்கில் சாதாரண ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்தால் சாம்பல் நிறச் செதில் கழன்று வரும், கீழே முகம் பார்க்கலாம் போல மினுங்கும். ஐந்து அணுத்தளம் சேர்ந்தது ஒரு படை, தடிப்பு ஏறத்தாழ 1 நானோமீற்றர். படைகளுக்கிடையே பிடிப்புக் குறைவு.

மாங்குளம், பௌதிகவியல் ஆசிரியர்: ஒளி உள்ளேயும் போகுமே. மேற்பரப்பை எப்படிப் பிரித்தறிவது?

சிக்கலே அதுதான், சேர். பளிங்கில் செலினியம் அணு விடுபட்ட இடங்கள் உள்ளே உதிரி இலத்திரன்களைத் தந்துவிடும். பெயர்தான் காவலி! அகச்சிவப்புத் தெறிப்பை அளந்தால், லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் உறுமும்போது பக்கத்தில் முணுமுணுப்பவரைக் கேட்ட மாதிரி. எனக்குப் பிடித்த வழி மீடிறன் இரட்டிப்பு, அதாவது ஒளியின் மீடிறன் இரு மடங்காகி அலைநீளம் பாதியாவது. 800 நானோமீற்றர் லேசரை அடித்து, 400இல் திரும்புவதை மட்டும் அளப்பது. பளிங்கின் உட்பகுதி நேர்மாற்றுச் சமச்சீர் உடையது, மையப் புள்ளியினூடாக எதிர்ப்பக்கம் மாற்றினாலும் அதே அமைப்புத்தான், அதனால் இரட்டிப்பு அங்கே எழாது. சமச்சீர் உடையும் மேற்பரப்பில்தான் எழும்.

வவுனியா, பல்கலைக்கழக மாணவர்: இந்த ஆய்வுகளில் அகச்சிவப்பைவிட மீடிறன் குறைந்த டெராஹேர்ட்ஸ் ஒளி ஏன்?

1 டெராஹேர்ட்ஸ் போட்டோனின் சக்தி ஏறத்தாழ 4 மில்லி இலத்திரன்வோல்ட். பட்டை இடைவெளியோ, அதாவது உள்ளே உள்ள இலத்திரன் கடத்தும் பட்டைக்குத் தாவத் தேவையான சக்தியோ, 0.3 இலத்திரன்வோல்ட். இடைவெளியைத் தாண்ட வைக்காமல் மேற்பரப்பு இலத்திரன்களை அசைக்கலாம். உதிரி இலத்திரன்களைக் குறைத்த மென்படலத்தைக் குளிராக்கி, வலுவான காந்தப்புலத்தில் வைத்தால், ஊடுருவும் ஒளியின் முனைவாக்கத் தளம், அதாவது அதன் மின்புலம் அதிரும் தளம், சுழலும். அந்தக் கோணம் நுண்ணமைப்பு மாறிலியின், அதாவது ஒளிக்கும் மின்னேற்றத்துக்கும் உள்ள இடைவினையின் வலிமையைக் குறிக்கும் ஏறத்தாழ 1/137 என்ற எண்ணின், அளவில் படிப்படியாக வரும். 2016இல் அளந்து காட்டினார்கள்.

முல்லைத்தீவு, வயரிங் செய்பவர்: வீட்டு வயருக்கு உதவுமோ?

இல்லை. செம்பே போதும்.

புதுக்குடியிருப்பு, மாணவர்: இதையெல்லாம் இங்கே செய்ய வழி உண்டோ?

அளவீட்டுக்குச் செலவு அதிகம், கணிப்புக்கு மடிக்கணினி போதும், தம்பி. மேற்பரப்பு நிலையின் எளிய மாதிரியாக, 40 அணுக்களை வரிசையாக வைத்து, பிணைப்புகளைப் பலவீனம், பலம் என்று மாறி மாறிக் கொடுங்கள். இரு முனைகளிலும் பலவீனமானது வரட்டும். பிணைப்பு வலிமைகளை நிரப்பின தாயத்தின் (matrix) ஐகன் பெறுமானங்களை, அதாவது சக்தி மட்டங்களை, பைதனில் எடுத்தால் இரண்டு மட்டும் பூச்சியத்தோடு ஒட்டி நிற்கும், அவை முனை நிலைகள், பளிங்கின் மேற்பரப்பு நிலைகளைப் போன்றவை. அப்புறம் முனைப் பிணைப்பைப் பலமாக்கிப் பாருங்கள், இரண்டும் காணாமல் போகும்.