சந்தாப் பணத்தில் புத்தகம் போடலாமா?

கேள்வி: ஐயா, சில வருடமாக ஒரு மாத இதழ் நடத்துகிறேன். எங்கள் பக்கத்துக் குலசாமிகளைப் பற்றி அதில் வந்த தொடருக்கு நல்ல வரவேற்பு. அதையே புத்தகமாக்கி, பதிப்பகமும் தொடங்க ஆசை. கையில் சந்தாப் பணம் இருக்கிறது. இறங்கலாமா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: தாராளமாக இறங்குங்கள் தம்பி. ஆனால் சந்தாப் பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது இனி வரப்போகும் இதழ்களுக்காக வாசகர் உங்களை நம்பிக் கொடுத்தது. இதழுக்கு மாதம் முடிந்தால் கணக்கும் முடிந்துவிடும். புத்தகம் அப்படியில்லை. அச்சகத்துக்கும் பேப்பர் கடைக்கும் உடனே கொடுத்தாக வேண்டும். புத்தகக் கடைக்காரரோ விற்ற பிறகு, தன் கழிவு (கமிஷன்) போகத்தான் தருவார். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தாலும் பணம் வர நாளாகும். அதுவரை புத்தகக் கட்டுகள் உங்கள் வீட்டில்தான் கிடக்கும். இப்படிச் சந்தாவை எடுத்துப் புத்தகத்தில் போட்டு, நன்றாக வந்துகொண்டிருந்த இதழையே நிறுத்தியவர்களை இந்த மதுரையில் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை.

உங்கள் இதழிலேயே முன்பதிவு அறிவியுங்கள். அந்தப் பணம் இந்தப் புத்தகத்துக்கென்றே வருவது. எத்தனை பிரதி அடிக்கலாம் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

தொடர் எழுதியவரிடம் பேசிவிட்டீர்களா? இதழில் வந்ததாலேயே புத்தக உரிமை உங்களுடையதாகிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்தில், கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். ராயல்டி, அதாவது விற்பனையில் அவருக்குச் சேரும் பங்கு, எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பக்கம் கட்டும்போது பாரக் கணக்கைப் பாருங்கள். பாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கிற பக்கங்களின் தொகுதி. ஒரு பாரத்துக்கு 16 பக்கம் என்றால் 128 பக்கத்துக்கு 8 பாரம். முன்னுரை நீண்டு 131 ஆகிவிட்டால் ஒன்பதாவது பாரத்துக்கும் கூலி, காகிதம் எல்லாம் உண்டு. அந்தப் பாரத்தில் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம். எழுத்தின் அளவை அரைப் புள்ளி (பாயின்ட்) குறைத்தால் அந்தச் செலவு மிச்சம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணம் வாங்குவதில்லை. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நம் வத்தலக்குண்டு எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அதில் வந்த கவிதைகளிலிருந்து 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். நீங்களும் ஊர் ஊராகக் கிளம்பத்தான் வேண்டும். குலசாமிக் கதைக்குக் கோயில் கும்பிடு நடக்கிற இடத்தைவிட நல்ல சந்தை எது?

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் இந்த ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு தனி அரங்கு எடுக்காதீர்கள், வாடகை கட்டாது. தெரிந்த பதிப்பகத்தார் அரங்கில் ஒரு தட்டு கேட்டுப் பாருங்கள்.