மூலிகையும் பூவும் சூரியக் கூடாரத்தில் உலர்த்துதல்: கேள்வி பதில்

ஓமலூர் வாசகர்: ஆவாரம்பூவைக் களத்தில் காயவைத்தால் மஞ்சள் மங்கிவிடுகிறது. சூரியக் கூடாரத்தில் நிறம் நிற்குமா?

நிற்கும். சூரியக் கூடாரம் என்பது வெயிலில் உள்ளிருக்கும் காற்று சூடாகி, தட்டுகளில் பரப்பியதை உலர்த்தும் கூடாரம். ஆனால் அதன் கூரை ஒளி புகும் பாலித்தீன் தாள் என்பதால், தட்டுகளுக்கு மேல் நிழல்வலை கட்டாவிட்டால் களத்தில் நேர்ந்ததே அங்கும் நேரும். வெயில் காற்றைச் சூடாக்கட்டும், பூவைத் தொட வேண்டாம். சூடு 40 டிகிரியைத் தாண்டாமல் விசிறியை ஓடவிடுங்கள். துளசி போன்ற மணமுள்ள இலைகளுக்கும் இதுவே எல்லை.

வாழப்பாடி வாசகர்: மொட்டை மாடியில் துளசியைக் காயவைக்கலாமா?

நிழல் இருந்தால் வைக்கலாம்.

ஏற்காடு வாசகர்: எங்கள் மலையில் மதியமே மூடுபனி இறங்குகிறது. கூடாரம் வீண்செலவுதானே?

இல்லை. 20 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 37 விழுக்காட்டுக்கு இறங்கி, இலையின் நீரை இழுக்கத் தொடங்கும். ஆகவே பனி விலகியதும் பறித்து, முற்பகல் வெயிலை முழுதும் பயன்படுத்துங்கள். சூரியன் மறைந்ததும், இரவு ஈரம் உள்ளே புகாதபடி காற்றுப்போக்கிகளை அடைத்துவிடுங்கள். காபித் தோட்டத்தார் மாலையில் களத்துக் காபியைக் குவித்து மூடுவதும் இதற்காகத்தான். சென்ற ஐப்பசியில் நான் ஓர் இரவு அடைக்க மறந்தேன். மாலையில் விரலிடையே நொறுங்கிய துளசி, காலையில் நனைந்த துணிபோலத் துவண்டு கிடந்தது.

அதே வாசகர்: பச்சையாகவே சேலத்துக்கு இறக்கி, அங்குள்ள வெயிலில் உலர்த்துவது எளிதல்லவா?

கணக்குப் பாருங்கள். 80 விழுக்காடு நீருள்ள 100 கிலோ இலை, 10 விழுக்காடு ஈரத்துக்கு உலர்ந்தால் 22 கிலோதான் தேறும். மீதி 78 கிலோ தண்ணீருக்கும் சேர்த்தல்லவா வேன் வாடகை கொடுக்கிறீர்கள்? போதாக்குறைக்கு, சாக்கில் அடைத்த பச்சிலை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்குவதற்குள் உள்ளே வெந்து கறுக்கத் தொடங்கிவிடும்.

மேச்சேரி வாசகர்: மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துச் செம்பருத்தியை...

மறுபடியும் மொட்டை மாடியா? வாழப்பாடிக்காரருக்கான பதிலைப் படியுங்கள். செம்பருத்தியில் இதழ் சருகானாலும் அடிப்புறம் ஈரமாகவே இருக்கும். அதைக் கிள்ளிப் பார்க்காமல் டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஆத்தூர் வாசகர்: ஆவாரம்பூக் கஷாயம் சர்க்கரை நோய்க்கு எவ்வளவு குடிக்கலாம்?

சித்த மருத்துவரைக் கேளுங்கள். என் வேலை உலர்த்துவதோடு சரி.

ஏற்காடு வாசகர்: சரி, 20 கிலோ இலைக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் பரப்பாதீர்கள். 10 சதுர மீட்டர் தட்டு போதும். முதல் நாள் இலையில் பாதியை மட்டும் போட்டுப் பாருங்கள்.